பின்வளவு

தொண்ணூறாம் ஆண்டு ஆடி மாதம் முழுக்கக் குணலட்சுமி தன் சொந்த வீட்டில் இருந்துகொண்டு அயல்வீட்டுக் கக்கூசுக்குப் போய்வந்தாள்.

கொடிகாமம் சந்தையிலிருந்து ஒரு கட்டைத் தூரம் தள்ளி, ஒழுங்கை முடிகிற இடத்தில் அவர்களுடைய வீடு. இரண்டு வருடத்துக்கு மேல் அங்கே இந்தியன் ஆமி இருந்தது. வீடு, அதன் பின்வளவு, அதற்கும் பின்னால் ஒழுங்கைக்கு அந்தப்பக்கம் குடியிருக்கும் தங்கமுத்து அக்காவின் பனங்காணி எல்லாவற்றையும் வளைத்து முட்கம்பி அடித்துக் காம்ப் போட்டிருந்தார்கள். குணலட்சுமியும் புருசன் தியாகலிங்கமும் அந்தக் காலத்தை மீசாலையில் அவளுடைய தமக்கை வீட்டில், ஒரே அறைக்குள், தமக்கையின் சொல்லுக்கும் பார்வைக்கும் ஒடுங்கிக் கழித்தார்கள். ஆமி எழும்பிப் போய்விட்டதென்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாய் ஓடிவந்து படலையைத் தள்ளியவள் குணலட்சுமிதான். யன்னல்களை விறகாக்கி எரித்திருந்தார்கள். சுவரெல்லாம் புகைக்கரி. ஆனாலும் கூரை இருந்தது. அவளுக்கு அது போதும்.

பின்வளவில் கால் வைக்கக்கூடாது என்பதை அவர்கள் ஒரு மாட்டைப் பார்த்துத்தான் அறிந்தார்கள். யாருடையதோ ஒரு நாம்பன் கன்று, பிரிந்த வேலியால் புகுந்து கிணற்றடிப் புல்லில் வாய் வைத்தது. மிதிவெடி வெடித்த சத்தத்தில் ஓடு இரண்டு கழன்று விழுந்தது. கன்று சாகப் பின்னேரமாயிற்று. அதற்கு ஒரு வாய் தண்ணீர் பருக்கக்கூட யாராலும் கிட்டப் போக முடியவில்லை.

அன்றிலிருந்து குசினியின் பின்கதவோடு அவர்களுடைய உலகம் முடிந்தது. படலையிலிருந்து விறாந்தைவரை ஆமி நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை, அதில் பயமில்லை. வீட்டுக்குள் பயமில்லை. கிணறும் கக்கூசும் கண்ணுக்கு முன்னால், கூப்பிடு தூரம்கூட இல்லை, ஆனால் போக முடியாது. தண்ணீருக்குக் குடத்தோடு தங்கமுத்து அக்கா வீடு. காலைக்கடனுக்கும் அங்கேதான். தங்கமுத்து அக்கா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் அவளுடைய வளவில் யாராவது நிற்கும்போது குணலட்சுமி அடக்கிக்கொண்டு திரும்பி வருவாள்.

ஆனியில் சண்டை திரும்பவும் தொடங்கியது. குண்டு போடப் பொம்மர் வரத் தொடங்கியது. ஊரில் எல்லாரும் வளவுக்குள் பங்கர் வெட்டினார்கள். பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, பிள்ளைகுட்டியோடு அதற்குள் இறங்கினார்கள். இவர்களால் ஒரு மண்வெட்டி மண் தூக்க முடியாது. பொம்மர் குத்தி இறங்கும் சத்தம் கேட்டால் இருவரும் சுவாமி அறை மூலையில் தலைக்கு மேல் தலையணையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பார்கள். தலையணை எதைத் தடுக்கும் என்று இருவரும் கேட்டுக்கொள்வதில்லை.

தியாகலிங்கம் ரெலிபோன் எக்சேஞ்சில் மெக்கானிக்காக இருந்தவர். எக்சேஞ்ச் பூட்டி வருடக்கணக்காகிவிட்டது. வேலை இல்லாத மனிதர் என்ன செய்வார்? முன்னறையில் யன்னலுக்கு அடைத்திருந்த மண்மூட்டைகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்து மண்ணை விறாந்தையில் குவித்துக்கொண்டிருந்தார். அப்படி அவிழ்க்கும்போதுதான் மூட்டைகளுக்குப் பின்னால் அது அகப்பட்டது. நீளத் தடி, தடியின் நுனியில் தட்டுப் போல ஒரு வட்டம், அதிலிருந்து வயர் போகிற ஒரு இரும்புப் பெட்டி.

"என்னப்பா உது?" என்று கேட்டாள் குணலட்சுமி.

"மிதிவெடி பாக்கிற மிசின். பழுதெண்டு எறிஞ்சுபோட்டுப் போயிட்டாங்கள்."

"அவங்களாலை திருத்தேலாததை நீங்கள் திருத்தப்போறீங்களோ?"

"அவங்களுக்கு வேறை மிசின் வரும்," என்றார் தியாகலிங்கம். "எங்களுக்கு உதுதான்."

விறாந்தை வெளிச்சத்தில் பாயை விரித்துப் பெட்டியைத் திறந்தார். மூடியில்தான் எல்லாம் இருந்தது: ஒரு சுவிச்சு, திருகுகிற குமிழ் ஒன்று, முள் ஆடுகிற கண்ணாடி ஒன்று, காதில் மாட்டுவதைச் செருகும் ஓட்டை. கண்ணாடி நொறுங்கி முள் வளைந்து கிடந்தது. குமிழ் அடியோடு உடைந்திருந்தது. உள்ளே பற்றறி கசிந்து, பச்சைப் பலகையில் ஓடிய செப்புக் கோடுகளை அரித்துத் தின்றிருந்தது. சுவிச்சு அசையவேயில்லை.

முதலில் அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் பிரஷால் பலகையைத் தேய்த்துக் கழுவினார். பச்சைப் பாசி போலப் படிந்திருந்ததெல்லாம் நுரைத்துக்கொண்டு போயிற்று. வெயிலில் காயவிட்டார். சுவிச்சுக்குள் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அரை நாள் தள்ளித் தள்ளி, 'டக்' என்று விழப் பண்ணினார். அறுந்த செப்புக் கோடுகளுக்கு ரெலிபோன் கேபிளை உரித்து மெல்லிய கம்பிகளைப் பாலமாக வைத்தார். கரண்ட் இல்லாத ஊரில் ஈயம் உருக்குவது எப்படி? செப்புத் தடியொன்றின் நுனியைத் தட்டிக் கூராக்கி, சிரட்டைக் கரித் தணலில் செருகிவிட்டு, பனையோலை விசிறியைக் குணலட்சுமியின் கையில் கொடுத்தார். தடி சிவக்க முந்தி எடுக்கவேண்டும், எடுத்தால் ஆற முந்தி வைக்கவேண்டும். பழைய சாமான்களிலிருந்து வழித்தெடுத்த ஈயம், ஒட்டப் பிடிக்கக் குங்கிலியத் தூள். புகை இருவர் கண்ணிலும் தண்ணீர் வரப்பண்ணியது. ஒவ்வொரு கம்பியையும் எங்கிருந்து எங்கே போகிறதென்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே பிடித்தார். விசிறிக்கொண்டிருந்தவளின் காதிலும் அது விழுந்தது. நீலம் குமிழுக்கு, சிவப்புப் பற்றறிக்கு, மற்றது தடிக்கு.

குமிழ்தான் தடையாக நின்றது. அதைப்போல ஒன்று வீட்டில் ஒரே ஒரு சாமானில் இருந்தது.

"றேடியோவிலை கை வையாதேங்கோ," என்றாள் குணலட்சுமி. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றித்தான் அவர்கள் செய்தி கேட்பார்கள். "எங்கை என்ன நடக்குதெண்டு அறியிறது உதாலைதானே."

"எங்கையோ நடக்கிறதை அறிஞ்சு என்ன செய்யிறது, குணம்? கிணத்தடிக்குப் போகேலாமல் கிடக்கு."

அவள் எழும்பி உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும்போது றேடியோ வயிறு கிழிந்து கிடந்தது. அதன் சத்தம் கூட்டுகிற குமிழ் மிசினில் ஏறியிருந்தது. அளவு சரியில்லாததால் மூடித் துளைக்குள் கொஞ்சம் ஆடியது. அன்று பின்னேரம் அவள் அவரோடு கதைக்கவில்லை.

காதுக்கு மாட்டுவதற்கு ரெலிபோன் றிசீவர் ஒன்றின் கேட்கும் பக்கத்தைக் கழற்றித் துணிநாடாவில் கட்டினார். பற்றறிக்குத் தடை. கடையில் ஒன்றுகூட இல்லை. செத்துப்போன ரோச்லைற் பற்றறிகளைத் தங்கமுத்து அக்கா வீட்டிலும் வேறு இரண்டு வீட்டிலும் கேட்டு வாங்கி, ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் விட்டு, மெழுகால் அடைத்து, வெயிலில் காயவைத்தார். ஒவ்வொன்றிலும் மிஞ்சியிருந்த சொட்டு உயிரை ஒன்றுசேர்க்க, மூங்கில் குழாயொன்றில் வரிசையாக அடைத்தார்.

"இதைக் காதிலை பிடி," என்று அவளிடம் நீட்டினார். அவருடைய இரண்டு கையும் பெட்டிக்குள் இருந்தன. "கேக்குதோ?"

"இல்லை."

"இப்ப?"

கீச்சென்று, கடிக்கிற நுளம்பொன்று காதுக்குள் புகுந்ததுபோல ஒரு சத்தம். "கேக்குது! கேக்குது!" அவர் வட்டத்துக்குக் கீழே ஒரு கரண்டியைத் தள்ளினார். நுளம்பு குழலாக மாறிக் கூவியது. கரண்டியை எடுத்தார், அடங்கியது. குணலட்சுமி றேடியோவை மறந்து சிரித்துவிட்டாள். தியாகலிங்கமும் நாடாவைத் தன் காதில் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். "ஓம். சரி," என்றார்.

அடுத்த நாள் வெயில் ஏறியதும் குசினிக் கதவைத் திறந்தார்கள். பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் படியில் இறங்கினார்.

"நான் சொல்லுமட்டும் நீ படியை விட்டு இறங்கக்கூடாது."

தடியை இடமும் வலமுமாக வீசினார். "சத்தமில்லை," என்று சொல்லி ஒரு அடி வைத்தார். திரும்பவும் வீசினார். "சத்தமில்லை." இன்னொரு அடி. குணலட்சுமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு முன்னால் கிடந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே ரின்மீன் தகரம் ஒன்று பாதி புதைந்து, துருப்பிடித்த விளிம்பு வெளியே தெரியக் கிடந்தது. வட்டம் அதற்கு மேலால் போயிற்று. திரும்பி வந்தது.

"சத்தமில்லை," என்று அவர் காலைத் தூக்கினார்.

"நில்லுங்கோ!"

அவள் போட்ட கூச்சலில் பனையிலிருந்த காகம் கலைந்தது. அவர் ஒற்றைக் காலில் அப்படியே நின்றார்.

"காலை எடுத்த இடத்திலேயே வையுங்கோ. உதிலை தகரம் கிடக்குது, தெரியேல்லையோ? உதுக்கு மேலாலைதானே கொண்டுபோனீங்கள்?"

அவர் குனிந்து தகரத்தைப் பார்த்தார். வட்டத்தை அதற்கு மேலே கொண்டுபோனார், கொண்டுவந்தார், அங்கேயே பிடித்தார். அவருடைய முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பிறகு மெல்ல மாறியது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு விளங்கியது.

"வந்த அடியிலேயே பின்னுக்கு வாங்கோ," என்றாள். குரலைத் தாழ்த்தினால் கேட்காமல் போய்விடுமோ என்று பயந்து கத்தியே சொன்னாள்.

அவர் படியில் வந்து இருந்தார். அவள் நாடாவை அவர் தலையிலிருந்து உருவித் தன் காதில் வைத்து, வட்டத்தைக் கதவின் இரும்புப் பிணைச்சலில் பிடித்தாள். மிசின் கூவியது. மிசினில் ஒரு பிழையும் இல்லை.

"எப்ப தொடக்கம்?"

"எக்சேஞ்சுக்குப் பக்கத்திலை செல் விழுந்து வெடிச்சதெல்லே, அண்டைக்குத் தொடக்கம். கதைக்கிறது கேக்கும். மெல்லிய சத்தம்தான் கேக்கிறேல்லை. குருவி, சில்லூறு… ஒண்டும் இல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சண்டை நிண்டால் எக்சேஞ்சைத் திறப்பாங்கள். காது கேளாதவனை ரெலிபோன் வேலைக்கு ஆர் எடுப்பான்?"

"அதுக்காண்டி மிதிவெடிக்கு மேலை நடக்கிறதோ? நான் இஞ்சை நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறதோ?" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன. தோளைப் பிடித்து உலுப்பினாள். அவர் உலுப்ப விட்டுக்கொண்டு இருந்தார். பிறகு அவளே அவருக்குப் பக்கத்தில் படியில் இருந்தாள். தகரத்துக்கு அங்கால் கிணற்றுத் துலா அசையாமல் நின்றது.

அன்று அவர்கள் இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் பெட்டி குணலட்சுமியின் கழுத்தில் தொங்கியது.

நிலம் முழுக்கச் சத்தமாக இருந்தது. ஆமியின் குசினி அங்கேதான் இருந்திருக்கவேண்டும். அடிக்கு அடி கூவியது. கூவுகிற இடத்தில் அவள் ஈர்க்கொன்றைக் குத்திவிட்டுப் பின்வாங்குவாள். தியாகலிங்கம் குப்புறப் படுத்துச் சிரட்டையால் மண்ணைச் சுரண்டுவார். அந்த வேலையை அவளுக்கு விடமாட்டேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். ஆணி, தகரம், சுட்டுத் தள்ளிய ரவைக் கோது, முட்கம்பித் துண்டு, வளைந்த முள்ளுக்கரண்டி. ஒவ்வொன்றும் வெளியே வருமட்டும் அவள் அவருடைய கையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள். ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பாய் அகலம் போவார்கள். ஒழுங்கையில் ஆள் அரவம் கேட்டால் மிசினைச் சாக்கால் மூடுவார்கள். இயக்கப் பெடியள் அறிந்தால் தங்களுக்கு வேணுமென்று கொண்டுபோய்விடுவார்கள். பிறகு மிச்ச வளவை யார் பார்ப்பது?

கக்கூசு மூலைக்குக் கிட்ட ஒரு நாள் சிரட்டை நின்றுவிட்டது. "குணம்," என்றார் அவர், தூங்குகிற பிள்ளையை எழுப்பக்கூடாதென்பதுபோல. மண்ணுக்குள் மூடி போல வட்டமாக ஒன்றின் விளிம்பு. அவர் எப்படி ஊர்ந்து பின்னுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. ஒரு மண்பானையைக் கொண்டுபோய் அதற்கு மேலே, அதில் முட்டாமல், கவிழ்த்துவிட்டு, பாதையை வளைத்துக்கொண்டு போனார்கள்.

ஆவணி பிறக்கும்போது அவர்களுக்குக் கிணறு இருந்தது, கக்கூசு இருந்தது, குசினிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் மட்டும் முட்டுக்காலில் இருக்கக்கூடிய ஒரு பங்கர் இருந்தது. எல்லாவற்றுக்கும் போகிற பாதை, ஒருவர் பின் ஒருவராக நடக்கிற அகலம்.

அப்போதுதான் தங்கமுத்து அக்கா வந்தாள். வந்தவள் குசினி வாசலில் நின்று, பின்வளவுக்கு அப்பால் தன் பனங்காணியையே பார்த்தாள். பனம்பழம் விழுகிற காலம். மரத்துக்கு மரம் கீழே கறுத்துக் கிடந்தன. வாசம் இங்குவரை அடித்தது.

"பாத்தால் வயிறு எரியுது, பிள்ளை. மாவுமில்லை, சீனியுமில்லை. பேரப்பிள்ளையள் ஒருவேளைக் கஞ்சியோடை கிடக்குதுகள். பழத்தைச் சுட்டுக் குடுத்தாலும் பசி ஆறும்." கொஞ்சம் பொறுத்து, "உங்கட சாமானைக் கொண்டு ஒருக்காப் பாத்துத் தாவன். நான் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை," என்றாள்.

அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கடைசிச் சொல் குணலட்சுமியின் நெஞ்சில் போய் இருந்தது.

"வேண்டாம்," என்றார் தியாகலிங்கம், தங்கமுத்து அக்கா போனபிறகு. "பற்றறி சாகக் கிடக்குது. எங்கட அலுவல் முடிஞ்சுது."

"இவ்வளவு நாளும் அவவின்ரை தண்ணியிலை சோறு சமைச்சுப்போட்டு, இப்ப என்னெண்டு ஏலாதெண்டு சொல்லுறது?"

மறுநாள் பனங்காணிக்குள் இறங்கியதும் குணலட்சுமிக்கு ஆறுதலாக இருந்தது. வீட்டு வளவுபோல இல்லை. கரையில் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் கூவியது. தியாகலிங்கம் அங்கே சுரண்டிக்கொண்டிருக்க, அவள் முன்னால் போனாள். சத்தமில்லை. காய்ந்த ஓலையும் பன்னாடையும் மூடிய கடும் நிலம். சத்தமில்லை. ஒரு பனை தாண்டி இன்னொரு பனை. இவ்வளவு நாளில் இப்படிக் கால்வீசி நடந்ததில்லை என்று நினைத்தாள். பழம் ஒன்றைக் குனிந்து தொடக்கூடிய அளவுக்கு வந்துவிட்டாள். அப்போதுதான், கூவாவிட்டாலும் எப்போதும் காதுக்குள் இரைந்துகொண்டிருக்கும் அந்த நுளம்புச் சத்தமும் இல்லை என்பது உறைத்தது.

வட்டத்தைத் தன் கைக்காப்புக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஒன்றுமில்லை.

எப்போது நின்றது? கடைசிப் பனையிலா, அதற்கு முதல் பனையிலா? திரும்பிப் பார்த்தாள். ஓலைச் சருகில் அவளுடைய காலடி ஒன்றும் பதிந்திருக்கவில்லை.

"என்ன பிள்ளை, நிண்டிட்டாய்?" கரையிலிருந்து தங்கமுத்து அக்கா பழம் பொறுக்கும் கடகத்தோடு ஒரு எட்டு வைத்தாள்.

"வராதேங்கோ! மிசின் செத்துப்போச்சு! ஒருத்தரும் வராதேங்கோ!"

தியாகலிங்கம் எழும்பிவிட்டார். அவள் சொன்னது அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. கையைக் காதில் வைத்துக்கொண்டு அந்தரப்பட்டார். தங்கமுத்து அக்காவின் குரல் சந்தையில் மரக்கறி விற்ற குரல். அவள் அவருடைய காதுக்குள்ளேயே கத்தினாள். "மிசின் செத்துப்போச்சாம்!"

அவர் ஓடிவரப் பார்த்தார். தங்கமுத்து அக்கா சட்டையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டாள்.

"பெட்டியைத் திற, குணம்! மூடியைத் திற!" என்று அவர் கத்தினார்.

தடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கொண்டை ஊசியை எடுத்துத் திருகாணியில் கொடுத்தாள். ஊசி வழுக்கியது. கீழே விழுந்திருந்தால் குனிந்து எடுத்திருக்கமாட்டாள். மூடி கழன்றது. விறாந்தைப் பாயில் கண்ட அதே பச்சைப் பலகை. சிவப்புப் பற்றறிக்கு. சரி. மற்றது தடிக்கு. சரி. நீலம்…

"நீலக் கம்பி குமிழிலை இருந்து விட்டுப்போச்சு!"

"நீலம் விட்டுப்போச்சாம்!" என்றாள் தங்கமுத்து அக்கா.

"பிடிச்ச இடத்திலை விரலாலை அமத்து! விடாதை!"

சுட்டுவிரலை உள்ளே விட்டு அமத்தினாள். கீச்சென்று வந்தது. விரலை அசைத்தாள், போயிற்று. திரும்ப அமத்தினாள். காப்புக்குக் கூவியது.

ஒரு கை பெட்டிக்குள், ஒரு கை தடியில். வந்த வழியெல்லாம் புதுநிலம் என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கையில்லை. பாதி தூரத்தில், இரண்டு பனைக்கு நடுவே, மிசின் கூவியது. அவள் கொஞ்சம் முன்னால்தான் கால்வீசிப் போன இடம். ஆணியோ தகரமோ மற்றதோ, தெரியாது. ஒரு பன்னாடையைத் தடியால் தள்ளி அதற்கு மேலே போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

கரைக்கு வந்ததும் தியாகலிங்கம் அவளைப் பிடிக்கவில்லை. அவளுடைய விரலைத்தான் பிடித்தார். அது வளைந்தபடியே விறைத்திருந்தது. அவர் அதைத் தேய்த்து விட்டுக்கொண்டே இருந்தார். தங்கமுத்து அக்கா நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு எழும்பி, சுரண்டிப் பார்த்த கரையோரத்தில் கிடந்த பழங்களை மட்டும் கடகத்தில் பொறுக்கினாள். அவற்றில் நல்லதாய் இரண்டை எடுத்துக் குணலட்சுமியின் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

குமிழைத் தியாகலிங்கம் அன்றே கழற்றி, ஆடாதபடி கட்டை வைத்து இறுக்கி, நீலக் கம்பியை இரண்டு தரம் பற்றவைத்தார். "இனி ஒருத்தருக்கும் இல்லை," என்று சொல்லிக்கொண்டுதான் செய்தார்.

ஒரு கிழமை கழித்துத் தங்கமுத்து அக்கா படலையில் நின்றாள். கையில் வெறும் கடகம். வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு, ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வீட்டுப் பக்கமிருந்து சின்னப் பிள்ளையொன்று நச்சரித்து அழுகிற சத்தம் வந்தது. அது தியாகலிங்கத்துக்குக் கேட்டிருக்காது. அவர் வெயிலில் பற்றறிகளைப் பிரட்டிக்கொண்டிருந்தார்.

குணலட்சுமி கிணற்றடியில் நின்றாள். தன் கிணறு, தன் வாளி. துலாக்கயிற்றை விட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"நில்லுங்கோ அக்கா, தலையை முடிஞ்சுகொண்டு வாறன்," என்றாள்.